படுகளத்தில் நமக்கென்ன வேஷம்?

துரியோதனன் போன வைகாசியில் என் கவுண்டருக்கு வந்தார். நகைக்கடனுக்கு வட்டி கட்டித் திருப்பி வைக்க வேண்டும். பத்து ராத்திரி கூத்து ஆடி முடித்தவர். காது மடலுக்குப் பின்னால் அரிதாரம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. "சார், படுகளத்துக்கு வந்திருக்கலாமே, இந்த வருஷம் நல்லா அமைஞ்சிது" என்றார். கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டிவிட்டுச் சிரித்துவைத்தேன். அவர் ஊர் விருத்தாசலத்திலிருந்து ஒரு பஸ் தூரம். என் அம்மா பிறந்த காலனி அதே ஊரின் கிழக்கே இருக்கிறது. கவுண்டருக்குள் நான் 'சார்'. அங்கே படுகளத்தன்று என் இடம் புளியமரத்துக்கு அந்தண்டை. அவர் கெட்ட மனுஷன் இல்லை. மறந்துவிட்டார், அவ்வளவுதான். எங்களுக்குத்தான் மறக்க வழியில்லை.

படுகளம் தெரியாத தோழர்களுக்காகச் சொல்கிறேன். தென்னார்க்காட்டுப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் இருக்கிற ஊர்களில் பாரதப் போர் வருஷா வருஷம் நடக்கும். பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரி கூத்து. அர்ச்சுனன் தபசு, அரவான் களப்பலி, கர்ண மோட்சம் எல்லாம் முடிந்து பதினெட்டாம் போர். விடிந்ததும் கோயில் மைதானத்தில் துரியோதனன் மண்ணால் மல்லாந்து கிடப்பான், முப்பது நாற்பது அடி நீளத்துக்கு. பீம வேஷக்காரனும் துரியோதன வேஷக்காரனும் அந்த மண்ணுடம்பின் மேல் ஏறி இறங்கி ஓடுவார்கள். தொடையில் பானை புதைத்திருப்பார்கள். பீமன் கதையால் அடித்ததும் சிவப்புத் தண்ணீர் பீறிடும். பாஞ்சாலி அதை எடுத்து விரித்த கூந்தலை முடிவாள். சாயங்காலம் தீமிதி.

வெள்ளைக்காரர்கள் இதை வேறு விதமாகச் செய்கிறார்கள். சனி ஞாயிறுகளில் பழைய போர்களை மைதானத்தில் திரும்பப் போட்டுக்கொள்வது அங்கே பெரிய பொழுதுபோக்கு. இங்கிலாந்தில் 1968இல் தொடங்கிய 'சீல்டு நாட்' என்ற சங்கம் 1640களின் உள்நாட்டுப் போரை வருஷம் தவறாமல் ஆடுகிறது. அமெரிக்காவில் கெட்டிஸ்பர்க் சண்டையை ஆட ஆயிரக்கணக்கானோர் சொந்தச் செலவில் கூடாரம் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். சட்டையின் பித்தான் 1863ஆம் வருஷத்துப் பித்தான்தானா என்று சண்டை போடுகிறவர்கள் அதில் உண்டு. குண்டில்லாத வெறும் மருந்தைச் சுடுவார்கள். செத்தவன் சாயங்காலம் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு பீர் குடிக்கப் போவான். திங்கட்கிழமை ஆபீஸ்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். அமெரிக்க உள்நாட்டுப் போர் அடிமை முறைக்காக நடந்தது. அடிமைகளை வைத்துக்கொள்ள உரிமை கேட்டுத்தான் தெற்கு மாநிலங்கள் பிரிந்தன. சனி ஞாயிறு மைதானத்தில் சாம்பல் நிறச் சட்டையும் இருக்கிறது, நீலச் சட்டையும் இருக்கிறது. இரண்டு பக்கமும் வீரம், இரண்டு பக்கமும் தியாகம். சங்கிலி மட்டும் எங்கும் காணோம். யார் எப்படிச் சண்டை போட்டான் என்பதைப் பித்தான் வரைக்கும் காட்டுவார்கள். எதற்காகப் போட்டான் என்பதைச் சொன்னால் பொழுதுபோக்கு கெட்டுவிடும்.

நம்ம ஊர்ப் படுகளம் அந்த வகையில் நேர்மையானதுதான். போர் ஏன் வந்தது என்று அது ஒளிக்கவில்லை. ஒரு பெண்ணைச் சபையில் இழுத்து வந்து துகிலுரிந்தார்கள்; அதற்காக வந்தது. துகிலுரிதல் கூத்தன்று ஊர்ப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுவதைப் புளியமரத்தடியில் நின்று நானே பார்த்திருக்கிறேன். கதைக்குள் நடந்த அவமானத்துக்கு இன்றைக்கும் அழத் தெரிந்த ஊர் அது. அதே ஊர், சேரிப் பெண்ணின் முந்தானை விஷயம் வந்தால் பஞ்சாயத்தில் ஐநூறு ரூபாய் அபராதம் போட்டு முடித்துவைக்கும்.

இந்த விருத்தாசலத்துக்குப் பக்கத்தில்தான் புதுக்கூரைப்பேட்டை. 2003 ஜூலை 8ஆம் தேதி முருகேசனையும் கண்ணகியையும் பிடித்துவந்து, காதிலும் மூக்கிலும் விஷம் ஊற்றிக் கொன்று எரித்தார்கள். அவன் தலித், பொறியியல் பட்டதாரி. அவள் வன்னியர் வீட்டுப் பெண். இரண்டு பேரும் பதிவுத் திருமணம் செய்திருந்தார்கள், அதுதான் குற்றம். கடலூர் நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்று சொல்ல 2021 செப்டம்பர் ஆயிற்று. பாஞ்சாலி பதின்மூன்று வருஷம் கூந்தலை விரித்துப்போட்டுக் காத்திருந்தாள் என்பார்கள். முருகேசன் வீட்டார் பதினெட்டு வருஷம் காத்திருந்தார்கள். அந்தக் களத்தை யாரும் மண்ணில் பிடித்து வைக்கவில்லை.

படுகளத்தில் எங்களுக்கு வேலை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். துரியோதனனுக்கு மண் வெட்டித் தண்ணீர் ஊற்றி மிதித்துக் குழைத்துக் கொடுப்பது எங்கள் ஆட்கள். உடம்பு கூட்டும் வரைக்கும் இருக்கலாம். கண் திறந்துவிட்டால் தள்ளி நிற்கவேண்டும். நாம் மிதித்த மண், நாமே தொடக்கூடாத சாமியாகிவிடுகிறது. அப்புறம் பறை. என் பெரியப்பா நாற்பது வருஷமாக அந்த ஊர்ப் படுகளத்துக்கு அடிக்கிறவர். கூலி என்று முன்பு நெல்லும் ஒரு வேட்டியும். இப்போது ரூபாய், அதையும் கையில் கொடுக்காமல் துண்டில் போடுகிறார்கள்.

இந்த வருஷம் எங்கள் தெருப் பையன்கள் பறைக்குப் போகக்கூடாது என்று நின்றுவிட்டார்கள். பீங்கான் பேட்டையில் ஃபியூஸ் கேரியரும் பொம்மையும் அச்சில் எடுக்கிற பையன்கள், இரண்டு பேர் கல்லூரி மாணவர்கள். பெரியப்பாவுக்குக் கோபம்.

"நான் அடிக்கலன்னா பீமனுக்குக் கால் எழும்பாதுடா. அந்த ஊரே எங் கைக்குத்தான் ஆடுது."

"ஆடுது பெரியப்பா. ஆடி முடிச்சிட்டு ஒன்ன எங்க நிக்க வெக்கிறானுவ?"

பறையை விடுவதா, கலகக் கலையாக மீட்பதா என்ற விவாதம் நம் இயக்கப் பத்திரிகைகளில் முப்பது வருஷமாக நடக்கிறது. இங்கே அதைத் திறக்கப்போவதில்லை. எனக்கு இரண்டு பேர் சொன்னதும் சரியென்றுதான் பட்டது. பையன்கள் அடுத்துச் சொன்னதுதான் இதை எழுத வைத்தது. "நாமளே ஒரு படுகளம் போடுவோம்ணே. ஜனவரி ஒண்ணாந்தேதி. கோரேகான். செவப்புக் கோட்டு தச்சிக்கலாம்."

கோரேகான் விஷயத்தில் எனக்கு மரியாதை உண்டு. 1818 ஜனவரி 1 அன்று பீமா ஆற்றங்கரையில் கம்பெனிப் படையின் எண்ணூறு பேர் போலப் பேஷ்வாவின் பெரும்படையை ஒரு பகல் முழுக்கத் தடுத்து நின்றார்கள். அங்கே நிற்கும் தூணில் செத்தவர்கள் பெயர் இருக்கிறது. 'நாக்' என்று முடியும் மகர் பெயர்கள் 22. தீண்டத்தகாதவன் பெயரைக் கல்லில் வெட்டியது அந்தக் காலத்தில் சின்ன விஷயமா? 1927 ஜனவரி 1 அன்று அம்பேத்கர் அந்தத் தூணுக்கு முன்னால் போய் நின்றார். அன்று முதல் அது வெள்ளைக்காரன் தூண் இல்லை, நம் தூண். 2018இல் இருநூறாவது ஆண்டுக்குப் போனவர்கள் மேல் கல்லெறிந்தார்கள். அதற்கு முந்தின நாள் புனேயில் நடந்த எல்கார் பரிஷத்தைக் காரணம் காட்டி, சிந்திக்கிறவர்கள் 16 பேரைப் பிடித்து உள்ளே போட்டது அரசு. திருச்சி மாவட்டத்தில் பிறந்த பாதிரியார் ஸ்டான் சாமி 2021 ஜூலை 5இல் காவலிலேயே செத்துப்போனார். ஒரு பழைய சண்டையை நினைப்பதற்கு இவ்வளவு விலை என்றால் அந்த நினைப்பில் ஏதோ இருக்கிறது.

ஆனாலும் சிவப்புக் கோட்டு எனக்கு உறுத்துகிறது. அந்தப் படையில் மகர்கள் மட்டும் இல்லை, மற்ற சாதிக்காரர்களும் இருந்தார்கள். எதிரே பேஷ்வாவுக்காக நின்றவர்களில் அரபியர்கள் இருந்தார்கள். நம் ஆள் சம்பளத்துக்குத்தான் போனான், சாதியை ஒழிக்க இல்லை. அது குற்றமும் இல்லை. ஊரில் கிடைக்காத சோறும் சட்டையும் பட்டாளத்தில் கிடைத்தது. அந்தப் பட்டாளமே பிறகு என்ன செய்தது? 'போர்க்குணமுள்ள இனம்' என்று ஒரு சாத்திரம் எழுதி, 1890களில் மகர்களைச் சேர்ப்பதை நிறுத்தியது. கம்பெனி காலத்துச் சென்னைப் படையில் பறையர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அந்தப் படையையே உதவாதது என்று ஒதுக்கினார்கள். சுபேதார் மகனான அம்பேத்கருக்கு இந்த நன்றிகெட்டதனம் நன்றாகத் தெரியும்.

நமக்கு இன்னும் பக்கத்திலேயே ஒரு களம் இருக்கிறது. பரங்கிப்பேட்டை. 1781 ஜூலை 1 அன்று ஐதர் அலியும் அயர் கூட்டும் மோதிய இடம். கூட்டின் படையில் சென்னைச் சிப்பாய்கள் நின்றார்கள். நம் பாட்டன்மார் யார் யார் அங்கே விழுந்தார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல, கோரேகானில் இருப்பது போல் பெயர் வெட்டிய கல் எதையும் அங்கே நான் பார்த்ததில்லை. கோட்டுத் தைத்துக்கொள்ளலாம், உள்ளே யாரை வைப்பது?

பையன்கள் விடவில்லை. ஒருவன் 'குளோரி' என்ற 1989 படத்தைப் பார்த்திருக்கிறான். 54ஆம் மாசசூசெட்ஸ் படைப்பிரிவு, கறுப்பின வீரர்கள், 1863 ஜூலை 18 அன்று வாக்னர் கோட்டை மேல் பாய்ந்து செத்தவர்கள். அந்தப் படத்தையொட்டிக் கறுப்பினத்தவர்கள் அந்தப் பிரிவின் பெயரிலேயே வேஷம் கட்டும் குழுக்களை அமைத்தார்கள். சாம்பல் சட்டைக்காரர்களின் மைதானத்தில் அவர்கள் நீலச் சட்டையோடு நடந்து வந்தபோதுதான், இந்தப் போரில் கறுப்பனும் சண்டை போட்டானா என்று பலர் வாயைப் பிளந்தார்கள். "அது மாதிரிதாண்ணே" என்றான்.

அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அங்கே வேஷமே வாதமாகிவிட்டது. இருந்தும் அவனிடம் ஒன்று சொன்னேன். அந்த 54ஆம் பிரிவு கோட்டையில் பாய்ந்ததைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர், இவர்களுக்கு 10, அதிலும் துணிக்கு 3 பிடித்தம். குறைந்த சம்பளம் வேண்டாம் என்று ஒரு வருஷத்துக்கும் மேல் ஒரு காசு வாங்காமல் போர் செய்தார்கள். வீட்டில் பெண்டாட்டி பிள்ளை பட்டினி. 1864இல்தான் சமச் சம்பளம் வந்தது. சம்பள மேஜைக்கு முன்னால் கையை நீட்டாமல் நின்ற அந்த நிற்றலை எந்த மைதானத்தில் ஆடிக்காட்ட முடியும்? துப்பாக்கி இல்லை, புகை இல்லை, பார்க்க ஒன்றுமில்லை. துண்டில் காசு போடும்போது துண்டை விரிக்காமல் நிற்பதும் அப்படித்தான்.

விழுப்புரம் பக்கத்து மேல்பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் திரௌபதி அம்மன் கோயில்தான். 2023 ஏப்ரலில் திருவிழாவின்போது உள்ளே போன தலித் இளைஞரை அடித்தார்கள். ஜூன் 7ஆம் தேதி அரசு கோயிலுக்குச் சீல் வைத்தது. 2024 மார்ச்சில் பூசாரி மட்டும் போய்ப் பூசை செய்யத் திறந்தார்கள். 2025 ஏப்ரலில், போலீஸ் காவலோடு, நம் மக்கள் வாசற்படியைத் தாண்டினார்கள். இரண்டு வருஷம். பாண்டவர் சேனைக்குப் பதினெட்டு நாள் போதுமாக இருந்தது. அந்த வாசலைத் தாண்டிய பெண்கள் யாரும் வேஷம் கட்டிக்கொண்டு போகவில்லை, வீட்டில் கட்டுகிற சேலையோடு போனார்கள்.

ஜனவரி ஒன்று வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தூணின் படத்தை வைப்போம், 22 பெயரையும் உரக்கப் படிப்போம், வரலாற்றில் தெளிவாக உள்ளதைச் சொல்வோம், இல்லாததைக் கூட்டிச் சொல்லவேண்டாம். ஐநூறு பேர் இருபத்தெட்டாயிரம் பேரை ஒழித்தார்கள் என்று போஸ்டர் அடித்தால், நாளைக்கு எவனாவது ஒரு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து மொத்தத்தையும் பொய் என்பான். சிவப்புக் கோட்டுக்கு எடுத்த வசூல் நாலாயிரத்துச் சொச்சம் என் மேஜை டிராயரில் இருக்கிறது. அதை வைத்துத் தையற்கூலி கொடுப்பதா, தாசில்தாருக்கும் எஸ்.பி.க்கும் ஆர்.டி.ஓ.வுக்கும் மனு அடித்துப் பதிவுத்தபாலில் அனுப்புவதா என்று போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பதினொரு மணி வரைக்கும் பேசினோம்.

வரும் வருஷம் படுகளத்தன்று காலையில் காலனியிலிருந்து புளியமரத்தைத் தாண்டி மைதானத்துக்குள் நடந்துபோய், மண் துரியோதனனுக்குப் பக்கத்தில் மற்றவர்களோடு மற்றவர்களாய் நின்று பார்ப்பது என்று முடிவாகியிருக்கிறது. பெண்கள் முன்னால் போவார்கள். மனு தயாராகிவிட்டது, கையெழுத்து இதுவரை அறுபத்து மூன்று. பெரியப்பா கடைசி வரைக்கும் சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார். எழுந்து போகும்போதுதான் கேட்டார்: "பறைய எடுத்துக்கினு வர்றதா, வெறுங்கையோட வர்றதா?" வெறுங்கையோட வாங்க என்றான் ஒரு பையன். மனுவில் அறுபத்து நாலாவது கைநாட்டு அவருடையது.