பிழைக்க வந்தவர் பிள்ளைக்கும் வாய் உண்டு

“நாம் பிழைக்க வந்த இடம். ஊர் வம்பு நமக்கெதற்கு? படித்தோமா, வேலைக்குப் போனோமா என்றிரு.”

பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களில் இந்தச் சொல்லைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை குறைவு. கட்டட வேலைக்கும் கார்மெண்ட்ஸுக்கும் போய்ப் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும் தாய் தகப்பன், அந்தப் பிள்ளை நாட்டு நடப்பைப் பற்றி நாலு வார்த்தை பேசியதும் கலங்கிப் போகிறார்கள். அந்தக் கலக்கத்தை நாம் கேலி செய்யமாட்டோம். அதற்குக் காரணம் உண்டு. ஆனால் அதற்காகப் பிள்ளையின் வாயை அடைப்பது முறையா என்பதை இந்த இதழில் பேசியாக வேண்டும்.

மூன்று இளம் பெண்களின் கதையைப் பாருங்கள்.

2020 பிப்ரவரி 20. பெங்களூர் ஃப்ரீடம் பார்க்கில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துக் கூட்டம். மேடையேறிய அமுல்யா லியோனா என்ற 19 வயதுக் கல்லூரி மாணவி ‘பாகிஸ்தான் ஜிந்தாபாத்’ என்றார். அடுத்து ‘இந்துஸ்தான் ஜிந்தாபாத்’ என்றார். இரண்டுக்கும் வேறுபாடு சொல்லத் தொடங்கியபோது ஒலிபெருக்கியைப் பிடுங்கிவிட்டார்கள். எல்லா நாடும் வாழட்டும் என்று சில நாட்களுக்கு முன்புதான் அவர் கன்னடத்தில் எழுதியிருந்தார். சொல்ல வந்ததை யாரும் கேட்கவில்லை. தேசத் துரோக வழக்கு பாய்ந்தது. சொந்த ஊரில் அவர் வீட்டைத் தாக்கினார்கள். ஏறக்குறைய நான்கு மாதம் சிறை. கடைசியில் ஜாமீன் கிடைத்ததும், குறித்த காலத்துக்குள் போலீசார் குற்றப்பத்திரிகை கொடுக்கத் தவறியதால்தான்.

2021 பிப்ரவரி 13. அப்போதுதான் படிப்பை முடித்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்த 22 வயது திஷா ரவியை, பெங்களூரில் அவர் வீட்டிலேயே டெல்லி போலீசார் கைது செய்தார்கள். விவசாயிகள் போராட்டத்துக்கு ஆதரவான ஓர் ஆவணத்தில் கை வைத்தார் என்பது குற்றச்சாட்டு. இரண்டு வரி திருத்தினேன் என்றார் அவர். பெங்களூர் நீதிமன்றத்தில் நிறுத்தாமலே டெல்லிக்குக் கொண்டுபோனார்கள். பத்தாம் நாள் ஜாமீன் கொடுத்த நீதிபதி தர்மேந்தர் ராணா, அரசின் கொள்கையோடு மாறுபடுகிறார் என்பதற்காகக் குடிமக்களைச் சிறையில் தள்ள முடியாது என்று எழுதினார்.

மூன்றாமவர் நம் தூத்துக்குடிப் பெண் சோபியா. கனடாவில் ஆராய்ச்சி மாணவி. 2018 செப்டம்பர் 3 அன்று ஊருக்கு வந்த விமானத்தில், அப்போது பாரதிய ஜனதாவின் மாநிலத் தலைவராயிருந்த தமிழிசை சௌந்தரராஜனைக் கண்டு, பாசிச ஆட்சி ஒழிக என்று முழங்கினார். கைது. மறுநாள் ஜாமீன். ஆனால் வழக்கு ஓயவில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை ரத்து செய்தது 2023 ஆகஸ்டில். ஒரு வாக்கியத்துக்கு ஐந்து ஆண்டு!

மூவர் கையிலும் கல் இல்லை, கத்தி இல்லை. இருந்தது சொல் மட்டுமே.

‘பாகிஸ்தான் ஜிந்தாபாத் என்பதை உங்கள் ஏடு ஆதரிக்கிறதா?’ என்று சிலர் கேட்பார்கள். இல்லை. அது நம் முழக்கமல்ல. மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவில் சேவை செய்தவர்களின் குடும்பங்கள் அலசூர்ப் பக்கம் எத்தனையோ உண்டு. அவர்களுக்கு அந்தச் சொல் வலித்திருக்கும். வலித்தது என்று சொல்ல அவர்களுக்கும் உரிமை உண்டு. நமது கேள்வி ஒன்றுதான்: வலிக்கிற சொல்லுக்குத் தண்டனை சிறையா?

இதற்கு உச்ச நீதிமன்றம் என்றோ விடை சொல்லிவிட்டது. இந்திரா காந்தி கொல்லப்பட்ட 1984 அக்டோபர் 31 அன்று, சண்டிகரில் இரண்டு அரசு ஊழியர்கள் காலிஸ்தான் ஜிந்தாபாத் என்று முழங்கினார்கள். நாடே கொந்தளித்திருந்த நாள் அது. அப்படியிருந்தும் 1995 இல் உச்ச நீதிமன்றம், தனி ஆட்கள் இருவர் ஓரிரு முறை முழக்கமிட்டது தேசத் துரோகம் ஆகாது என்று அவர்களை விடுவித்தது. வன்முறையைத் தூண்டாத விமரிசனம், எவ்வளவு கடுமையாக இருந்தாலும் குற்றமல்ல என்பது 1962 ஆம் ஆண்டின் கேதார்நாத் சிங் தீர்ப்பு. சட்டம் இப்படித் தெளிவாக இருக்கிறது. காவல் நிலையத்துக்குத்தான் அது இன்னும் வந்து சேரவில்லை.

அமுல்யா பேசிய ஃப்ரீடம் பார்க் எது தெரியுமா? நம் பெரியவர்களுக்குத் தெரியும், அது பழைய சென்ட்ரல் ஜெயில். 1974 மே மாதம் ஏறக்குறைய 17 லட்சம் ரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, ஆயிரக்கணக்கில் கைதாகி, வேலையிழந்து நின்றார்கள். மறு ஆண்டே நெருக்கடி நிலை வந்தது. வாஜ்பாயியையும் அத்வானியையும் அடைத்தது இந்த ஜெயிலில்தான். நடிகை சினேகலதா ரெட்டி 1976 இல் இங்கே ஆஸ்துமாவோடு அடைபட்டு, 1977 ஜனவரியில் வெளியே வந்த சில நாளிலேயே இறந்தார். அந்த ஜெயிலைத்தான் பூங்காவாக்கிச் சுதந்திரம் என்று பெயரிட்டார்கள். 2021 இல் ஓர் உத்தரவும் போட்டார்கள்: பெங்களூரில் ஆர்ப்பாட்டமா, இங்கேதான் நடத்த வேண்டும்!

அன்று அவர்களை அடைத்தது காங்கிரஸ் ஆட்சி. 2020 இல் மாணவியை அடைத்தபோது மாநிலத்தை ஆண்டது, அந்த வாஜ்பாயும் அத்வானியும் வளர்த்த கட்சி. சோபியா கைதானபோது தமிழ்நாட்டில் அ.தி.மு.க. ஆட்சி. ஆகவே இது ஒரு கட்சியின் குணம் என்று ஒதுக்கிவிட முடியாது. நாற்காலியில் அமர்ந்தவரையெல்லாம் இந்த நோய் பற்றிக்கொள்கிறது. 2022 மே மாதம் பழைய தேசத் துரோகப் பிரிவை உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. நிம்மதி என்று நினைப்பதற்குள், 2024 ஜூலை 1 இல் வந்த புதிய நியாய சங்கிதையில் 152 ஆம் பிரிவு வந்து உட்கார்ந்தது. துரோகம் என்ற பெயர் போயிற்று, தண்டனை குறையவில்லை.

இனி, நம் வீட்டு அச்சத்துக்கு வருவோம். வாயை மூடியிருந்தால் நமக்குப் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். 1991 டிசம்பரில் காவிரியின் பேரால் நம் குடிசைகள் எரிந்தன. குழந்தை குட்டிகளோடு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஊரை விட்டு ஓடின. அவர்களில் யார் கட்டுரை எழுதினார்கள்? யார் மேடையேறினார்கள்? பெரும்பாலோர் மண் சுமந்த கூலிகள். 2016 செப்டம்பரில் கன்னட நடிகர்களைப் பற்றி ஏதோ எழுதினார் என்று ஒரு தமிழ் மாணவரைச் சூழ்ந்து அடித்தார்கள். மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். இரண்டு நாளில் டஜன் கணக்கில் தமிழ்நாட்டுப் பேருந்துகள் எரிந்தன. அந்தப் பேருந்துகளா எழுதின? அலசூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை, 1991 முதல் 2009 ஆகஸ்ட் வரை திறக்கப்படாமல் மூடிக் கிடந்தது. வள்ளுவரே பதினெட்டு ஆண்டு வாய் திறக்காமல் நின்றும் நமக்கு மதிப்புக் கூடவில்லையே!

மௌனம் நம்மைக் காக்கவில்லை. சட்டம் தெரிந்த, கூட்டாளி உள்ள, கன்னடத்திலும் தமிழிலும் தெளிவாகப் பேசத் தெரிந்த பிள்ளைகள்தான் காப்பார்கள்.

நம் வீட்டில் பேசக்கூடியவர் வேறு யார்? என்னைப் போன்ற ரயில்வே குமாஸ்தாவுக்கு நடத்தை விதிகள் உண்டு. எல்லை தாண்டினால் விளக்கம் கேட்பார்கள். கட்டடத் தொழிலாளி மேஸ்திரியின் முகத்தைப் பார்த்து நடக்க வேண்டும். கார்மெண்ட்ஸ் பெண்ணுக்கு சூப்பர்வைசர். கூலிக்குப் பயந்து நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டாத காலம் மாணவப் பருவம் ஒன்றுதான். 1989 இல் ஓட்டுரிமை வயதை 21 இலிருந்து 18 ஆக்கினார்கள். அதே 1989-90 இல் கர்நாடகக் கல்லூரிகளில் மாணவர் தேர்தலை நிறுத்தினார்கள். ஓட்டுப் போடு, ஆனால் பேசிப் பழகாதே என்றால் என்ன நியாயம்?

மாணவச் செல்வங்களுக்கு ஒரு வார்த்தை. அரசைக் கேள்வி கேளுங்கள், கட்சியைக் கேள்வி கேளுங்கள்; நம் கட்சி, நம் சங்கம் எதையும் விடவேண்டாம். ஆனால் பக்கத்து வீட்டுக் கன்னடத்தானின் மொழியையும் அவன் வணங்கும் மனிதரையும் இழிவு செய்வது அரசியல் கருத்தல்ல. கேட்டதைச் சரிபார்த்துப் பேசுங்கள். கன்னடத்தில் பேசுங்கள். இந்த ஊரிலேயே 2017 செப்டம்பர் 5 அன்று தன் வீட்டு வாசலில் சுடப்பட்ட கௌரி லங்கேஷ் கன்னடத்தில் எழுதியவர்தான். இது தமிழன் கன்னடன் சண்டையல்ல.

பெற்றோர்கள் இவற்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்:

1. கைது செய்ய வந்தால் காரணத்தைக் கேளுங்கள். அதைக் கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுதித் தரவேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. தமிழ் மட்டுமே தெரிந்தவருக்குக் கன்னடத்தில் நீட்டினால் போதாது.

2. குடும்பத்தாருக்குத் தகவல் சொல்ல வேண்டும். விரும்பிய வக்கீலைப் பார்க்க விடவேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். பின்னிரண்டும் அரசியல் சட்டத்தின் 22 ஆம் பிரிவு.

3. பெண்களைச் சூரியன் மறைந்த பின், விடியும் முன், கைது செய்யக் கூடாது. மிக அவசரம் என்றாலும் மாஜிஸ்திரேட் அனுமதியும் பெண் அதிகாரியும் வேண்டும்.

4. வக்கீலுக்குப் பணமில்லை என்று கலங்க வேண்டாம். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், காவலில் இருப்போர் ஆகியோருக்குச் சட்டப் பணிகள் ஆணையம் இலவசமாக வக்கீல் தரும். தொலைபேசி எண் 15100.

இந்த நான்கையும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். எந்தப் பேட்டையில் எந்த மாணவருக்கு இந்த நிலை வந்தாலும், அவர் சொன்ன கருத்து நமக்கு உடன்பாடா என்று முதலில் விசாரிக்க உட்காராதீர்கள். முதலில் காவல் நிலையத்துக்கு நாலு பேர் போங்கள். ஒரு வக்கீலைக் கூட்டிப் போங்கள். கருத்து வேறுபாட்டை, பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகு, நம் சங்கக் கூட்டத்தில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.