டெல்லி பெரிதா? குடியாத்தம் பெரிதா?

உள்ளூர்க் கமிட்டியிலிருந்து புறப்பட்ட ஒருவர் டெல்லி வரையில் போய்விட்டால் நமது ஜனங்கள் அதற்கு இரண்டே காரணம் சொல்வார்கள். ஒன்று ஜாதகத்தில் ராஜயோகம்; மற்றொன்று பூர்வஜென்ம புண்ணியம். காமராஜரைப் பற்றியும் இப்படிப் பேசுகின்ற தோழர்கள் நமது காட்பாடிப் பக்கத்தில் இன்னும் உண்டு. விருதுநகரில் ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டு மாமன் ஜவுளிக்கடையில் நின்ற பையனை அகில இந்தியக் காங்கிரஸ் தலைவராக்கியது எந்தக் கிரகம் என்று அவர்களைக் கேட்கின்றோம். அந்தக் கிரகந்தானே அவரைச் சுமார் 9 வருஷம் ஜெயிலிலும் வைத்திருந்தது? 1940-ல் தமிழ்நாட்டுக் காங்கிரஸ் தலைவர் பதவி அவருக்கு 3 ஓட்டு வித்தியாசத்தில் கிடைத்தது. அந்த ஓட்டுகளைப் போட்டவர்கள் மனிதர்களே.

இந்தச் சரித்திரத்தில் நமது பகுதிக்கும் பாத்தியதை உண்டு. 1954 ஏப்ரலில் அவர் முதல் மந்திரியானபோது சென்னைச் சட்டசபையில் அங்கத்தினர் அல்ல. ஆறு மாதத்துக்குள் எங்கேனும் ஜெயித்தாக வேண்டும். அவருக்கு முன் இருந்த ராஜகோபாலாச்சாரியார் 1952-ல் ஓட்டர்களின் முகத்தில் விழிக்காமல் நியமனத்தின் மூலம் மேல்சபை வழியாக நுழைந்தவர். காமராஜரோ காட்பாடியை அடுத்த குடியாத்தத்துக்கு வந்து ஓட்டுக் கேட்டார். காங்கிரசை ஒழிப்பதே வேலையாக இருந்த பெரியாரும் அவரை ஆதரித்தார். தி. மு. க.வும் ஆதரித்தது. எதிர்த்து நின்ற கம்யூனிஸ்ட் வேட்பாளர் தோற்றார்.

ஏன் இந்த ஆதரவு? 1953-ல் ஆச்சாரியார் கொண்டுவந்த கல்வித் திட்டந்தான் காரணம். கிராமத்துப் பிள்ளைகளுக்கு மூன்று மணி நேரம் பள்ளிக்கூடம். மீதி நேரம் தகப்பன் தொழில். காகிதத்தில் படித்தால் ஏதோ கைத்தொழிற் பயிற்சி போல் அழகாய்த்தான் இருக்கும். அதைப் பேரணாம்பட்டிலும் ஆம்பூரிலும் வைத்துப் பார்க்க வேண்டும். தோல் ஷாப்பில் கூலி செய்கிறவன் மகனுக்கு மீதி நேரம் என்ன? சுண்ணாம்புத் தொட்டி. ஊறிய தோலை இழுத்துப் போட்டு மயிர் வழிக்க வேண்டும். அவன் தெருவில் நடந்தால் மற்றவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். வக்கீல் பிள்ளைக்கு மீதி நேரம் என்ன? அவன் டவுன் பள்ளிக்கூடத்தில் முழு நேரமும் படித்துக்கொண்டிருப்பான்! தகப்பன் கை வெந்தது போதாது, மகன் கையும் வேகட்டும் என்பதற்குக் கல்வி என்று பெயர் வைத்தார்கள். பணமில்லை, கட்டடமில்லை, இரண்டு வேளையாய்ப் பிரித்தால் அதிகப் பிள்ளைகள் படிக்கலாம் என்று சமாதானமும் சொன்னார்கள்.

திட்டம் 1954-லேயே ஒழிந்தது. அதே கஜானாதான், 1956 முதல் அதே பள்ளிக்கூடங்களில் மத்தியானச் சோறு போட முடிந்தது. பிறகு உயர்நிலைப் பள்ளி வரை ஏழைகளுக்குச் சம்பளமில்லாப் படிப்பும் வந்தது. தேவஸ்தான இலாகா ஆதிதிராவிடரான பரமேசுவரன் கைக்கு வந்தது. எந்த வகுப்பாரைக் கோவில் வாசலில் நிறுத்தினார்களோ அந்த வகுப்பாருக்கே பூரணகும்பம் எடுக்க வேண்டியதாயிற்று. பாவம், ஆகமம் என்ன செய்யும்!

இனி டெல்லிக் கதை. மூத்தவர்கள் பதவியை விட்டுக் கட்சி வேலைக்கு வரவேண்டும் என்ற தமது திட்டப்படி 1963 அக்டோபர் 2-ல் முதல் மந்திரி பதவியை விட்டார். விடாதீர், அது தற்கொலைக்கு ஒப்பாகும் என்று பெரியார் தந்தியடித்தார், அவர் கேட்கவில்லை. 1964-ல் காங்கிரஸ் தலைவரானார். நேருவுக்குப் பின் சாஸ்திரியையும், 1966-ல் இந்திரா அம்மையாரையும் பிரதமராக்குவதில் முன் நின்றார். பத்திரிகைகள் வானளாவப் புகழ்ந்தன. 1967-ல் சொந்த ஊரான விருதுநகரிலேயே 1,285 ஓட்டில் தோற்றார். 1969-ல் கட்சி பிளந்தபோது, தாம் உட்காரவைத்த அம்மையாருக்கு எதிர்ப்பக்கத்தில் நின்றார்.

டெல்லியில் பிரதமர்களை உட்காரவைத்ததால் தோல் ஷாப்புக் கூலியின் பிள்ளைக்கு வந்த லாபம் இன்னது என்று யாராவது காட்டட்டும். கோட்டையில் இருந்த 9 வருஷத்தில் வந்ததை நாம் காட்டுகின்றோம்: ஒரு பலகை, ஒரு சிலேட்டு, ஒரு தட்டுச் சோறு. இதைச் சொன்னால் அவர் புகழைக் குறைப்பதாகச் சிலர் கோபிக்கின்றார்கள். ஜூலை 15-ல் அவர் சிலைக்குக் கற்பூரம் கொளுத்துகிறவர்களும் இவர்களேதான்.

நமது பக்கத்திலிருந்தும் டெல்லிக்குப் போய் மந்திரியானவர்கள் உண்டு, இனிமேலும் போவார்கள். நம்மவர் டெல்லியில் இருக்கிறார் என்ற பெருமையில் மாலை வாங்கக் கடைக்கு ஓடுமுன், தோல் ஷாப்புத் தெருவில் இந்த வருஷம் எத்தனை பெண்பிள்ளைகள் படிப்பை நிறுத்தினார்கள் என்று அவரைக் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால், தெருவுக்கு அழைத்துக்கொண்டு போங்கள்.