இறாலுக்குத் தீனி, அயலார்க்கு அறுவடை

கட்டுமாவடியில் தொடங்கி மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், செகதாப்பட்டினம் கடந்து மீமிசல் தாண்டிச் செல்லும் புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரை, நாற்பது கிலோமீட்டரைச் சற்றே விஞ்சும். அவ்வளவே. 1974-இல் தஞ்சை, திருச்சி மாவட்டங்களினின்று நிலம் பிரித்துப் புதுக்கோட்டை அமைக்கப்பட்டபோது அதன் பங்குக்கு வந்த சிறு கரை அது. அக்கரையின் உவர்நிலங்களில் இன்று இறால் குளங்கள் வெட்டப்பட்டுள்ளன. துடுப்புருளைகள் நீரைக் கலக்கிக் காற்றூட்டுகின்றன. வரப்போரக் கொட்டகையில் தீனிப் பைகள் அடுக்கப்பட்டுள்ளன. குளம் வெட்டிய செலவு வளர்ப்பவனுடையது. மின் கட்டணம் அவனுடையது. வெண்புள்ளி நோய் எந்த இரவில் வருமோ என்று கண்விழித்துக் கிடக்கும் அச்சமும் அவனுடையதே. அந்தப் பைக்குள் இருப்பது மட்டும் அவனுடையதன்று. அதன் விலையை முடிவு செய்யும் உரிமையும் அவனுக்கு இல்லை.

இறால் வளர்ப்பின் முழுச்செலவில் பாதியளவோ அதனினும் மிகுதியாகவோ தீனிக்கே போகின்றது. ஒரு கிலோ இறால் விளைய ஏறத்தாழ 1.4 கிலோ தீனி வேண்டும். நான்கு தொன் இறால் எடுக்க எண்ணுபவன் 25 கிலோ பைகளில் 224 பைகளைக் குளத்தில் கொட்டியாக வேண்டும். கிலோ 80 உருபா என்று குறைத்தே கணக்கிட்டாலும் அது நாலரை இலக்கம் உருபாவை நெருங்கும். இத்தொகையை முன்னதாக எடுத்து வைக்கும் ஆற்றல் சிறு குளத்தானுக்கு ஏது? ஆகவே முகவரிடம் கடனுக்கு வாங்குகின்றான். கடனுக்குத் தரும் பைக்கு விலை கூடுதல். அறுவடையன்று குளக்கரைக்கு முதலில் வந்து நிற்பதும் அக்கடனே. நோய் தாக்கி நாற்பதாம் நாளில் குளம் வெளுத்துப் போனாலும், அதுவரை கொட்டிய தீனிக்குரிய கடன் ஒரு காசும் குறையாது. பயிர் பொய்த்தால் உழவனுக்கேனும் வைக்கோல் மிஞ்சும். இவனுக்கு மிஞ்சுவது வெறும் பைகள்.

அப்பைகளை ஆக்குவோர் யார்? இந்திய இறால் தீனிச் சந்தையில் பாதிக்கு அண்மையான பங்கை ஆந்திரத்தைக் களமாகக் கொண்ட அவந்தி நிறுவனம் வைத்துள்ளது. அந்நிறுவனத்தில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு தாய்லாந்தின் தாய் யூனியனுக்கு உரியது. அடுத்து நிற்பது தாய்லாந்தின் சரோன் போக்பண்டு குழுமம். அமெரிக்காவின் கார்கிலும் நெதர்லாந்தின் நியூட்ரெக்கோவும் இதே சந்தையில் கால் பதித்துள்ளன. வணிகம் செய்வோர் ஊதியம் தேடுவர், அதில் வியப்பில்லை. ஆயிரம் கிலோமீட்டர் நீளக் கடற்கரையும் நெய்தல் திணை வகுத்த மரபும் உடைய தமிழ்நாட்டில், வளர்ப்பவர்க்குரிய கூட்டுறவுத் தீனியாலை அந்நிறுவனங்களுக்கு ஈடுகொடுக்கும் வகையில் ஒன்றேனும் எழவில்லையே, அதுதான் மானக்கேடு!

தீனியின் உள்ளீடுகளை நோக்கினால் கட்டு இன்னும் இறுகுகின்றது. மீன்தூள், சோயாப் பிண்ணாக்கு, கோதுமை மாவு, மீனெண்ணெய், உயிர்ச்சத்துக் கலவை ஆகியனவே அதன் முதன்மைப் பொருள்கள். உலகின் மீன்தூளில் பெரும்பங்கு தருவது தென்னமெரிக்காவின் பெரு நாடு. அங்குப் பிடிபடும் நெத்திலியினமே அதற்கு மூலம். 2023-இல் எல்-நினோவால் அமைதிப் பெருங்கடல் நீர் வெப்பமுற, பெரு அரசு அவ்வாண்டின் முதல் மீன்பிடி பருவத்தையே கைவிட்டது. மீன்தூள் விலை உலகெங்கும் ஏறிற்று. அதற்கு ஈராண்டு முன்னர், 2021-இல், சோயாப் பிண்ணாக்கு விலை கட்டுமீறி உயர்ந்தபோது, மரபணு மாற்றிய சோயாப் பிண்ணாக்கு 12 இலக்கம் தொன் இறக்குமதி செய்ய நடுவணரசு வாயில் திறந்தது. பெருவின் கடல் சூடேறினால் மணமேல்குடியில் பை விலை ஏறுகின்றது. ஏறிய விலை, கடல் குளிர்ந்த பின்னர் அதே விரைவில் இறங்கியதை எவரும் கண்டதில்லை.

இக்கரணியத்தாலேயே உலகத் தீனி வல்லுநர் மீன்தூளை விட்டு விலகும் வழி தேடுகின்றனர். முன்னர்க் கால்பங்குக்கு மேல் இடம்பெற்ற மீன்தூளை வெகுவாகக் குறைத்துவிட்டனர். அவ்விடத்தில் சோயா வந்தது. கருப்பு ஈயின் புழுக்களைப் பொடித்த மாவு வருகின்றது. நுண்ணுயிர்களை வளர்த்துப் பெறும் புரதம் வருகின்றது. ஈக்குவடார் நாட்டில், நீருக்கடியில் இறால் மெல்லும் ஒலியைக் கேட்டுணர்ந்து அளவாக இரை தூவும் பொறிகள் பெருகியுள்ளன. தீனி வீணாகாமையால் செலவு குறைகின்றது. ஏற்றுமதியில் அந்நாடு இந்தியாவை முந்திவிட்டது. மீமிசல் குளத்தில் ஓர் ஆள் மிதவையில் சென்று நாளொன்றுக்கு நான்கு முறை கையால் வீசுகின்றான்; நீருக்குள் இறக்கிய தட்டைத் தூக்கி, எவ்வளவு மிஞ்சியது என்று கண்ணால் அளக்கின்றான். அவன் கையும் கண்ணும் தேர்ந்தவை, ஐயமில்லை. எனினும் மிகுந்து விழும் ஒவ்வொரு பிடியும் குளத்தடியில் அழுகி நஞ்சாவதோடு கடனாகவும் ஏறுகின்றது.

பையைத் திருப்பிப் பார்த்தால் வேறொரு கொடுமை. பொதியிட்ட பொருள்கள் பற்றிய நடுவணரசின் 2011-ஆம் ஆண்டு விதிமுறை, மேலே அறிவிக்க வேண்டிய செய்திகள் தேவநாகரி எழுத்தில் இந்தியாகவோ, அன்றி ஆங்கிலமாகவோ இருத்தல் வேண்டும் என்கின்றது. பிறமொழிகளை வேண்டுமானால் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாமாம்! தமிழ் இல்லாவிடின் குற்றமில்லை. இந்தியும் ஆங்கிலமும் இரண்டும் இல்லாவிடின் குற்றம். புரதம் எத்தனை விழுக்காடு, எந்நாளில் ஆக்கியது, எத்தனை திங்கள் கெடாது, குஞ்சுக்கு எந்த எண் தீனி, வளர்ந்ததற்கு எந்த எண் தீனி என்பன அழகுக்கு அச்சிட்ட சொற்கள் அல்ல. ஊசிப்போன தீனி இட்டால் குளம் கெடும். எண் மாறினால் இறால் தின்னாது. இலக்கக்கணக்கில் கடன்பட்டு வாங்கிய பொருளின் தன்மையைத் தன் மொழியில் படித்தறிய இயலாமல், விற்றவன் வாய்ச்சொல்லையே நம்பி நிற்கின்றான் தமிழன். மொழியுரிமை புலவர்க்கு மட்டுமே வேண்டியது என்று ஏளனம் செய்வோர் அக்கொட்டகைக்குள் ஒருமுறை போய்வரட்டும்.

பெருவைச் சொல்வானேன்? பாக்கு நீரிணைக் கடலும் மாவாகத்தான் அரைபடுகின்றது. கோட்டைப்பட்டினம், செகதாப்பட்டினம் விசைப்படகுகளின் இழுவலையில் நல்ல மீனொடு சேர்ந்து வரும் சிறுமீனுக்குச் சங்காயம் என்று பெயர். உண்ணத்தகும் மீன்களின் குஞ்சுகளும் அதில் அடக்கம். உலர்த்திய சங்காயம் கோழித் தீனிக்கும் மீன்தூளுக்கும் போகின்றது. ஒரு கிலோ மீன்தூளுக்கு நான்கு, ஐந்து கிலோ பச்சை மீன் வேண்டும். முன்பு கழிவென்று ஒதுக்கியதற்கு விலை வந்தபின், சிறுகண் வலையைக் கைவிட எவருக்கு மனம் வரும்? குஞ்சை வாரினால் கரைக்கடல் வறளும். கரைக்கடல் வறண்டால் படகு எல்லை தாண்டும். தாண்டினால் சிங்களக் கடற்படை சிறைப்பிடிக்கும். அதைக் கண்டித்துத் தமிழ்நாடு குரல் எழுப்புகின்றது, எழுப்பவே வேண்டும். அதே வேளையில், போரில் யாவும் இழந்து மீண்டும் கடலுக்கு வந்த வட ஈழத்துத் தமிழ் மீனவர், தங்கள் வலைகளை இவ்விழுவலைகள் அறுப்பதாக ஆண்டுக்கணக்கில் முறையிடுகின்றனர். இலங்கை 2017-இல் இழுவலையைச் சட்டத்தால் தடுத்தது. தீனிமாவுக்காகத் தமிழன் வலையைத் தமிழனே அறுப்பதை எந்த இனவுணர்வு பொறுக்கும்?

இறால் வளர்ப்பை முற்றாகப் பழிப்பது இங்கு நோக்கமன்று. காந்தியார் வழிநின்ற செகந்நாதனாரும் கிருட்டிணம்மாளும் நாகைக் கரையில் நிலமும் நன்னீரும் உவர்ப்பதை எதிர்த்துப் போராடினர். செகந்நாதனார் தொடுத்த வழக்கில் உச்சநயன்மன்றம் 11.12.1996-இல், கடலோர ஒழுங்குமுறை எல்லைக்குள் மரபுவழிப் பண்ணைகள் தவிர ஏனையவற்றை அகற்ற ஆணையிட்டது. 2005-ஆம் ஆண்டுச் சட்டம் ஆணையம் ஒன்றை அமைத்துப் பதிவு முறையில் வளர்ப்புக்கு வழிவிட்டது. 2009-இல் அமெரிக்கக் கண்டத்து வன்னாமி இறாலுக்கு நுழைவு தரப்பட்டது. தாய் இறாலும் அவாய் முதலிய அயல் இடங்களினின்றே வானூர்தியில் வந்து நீலாங்கரையில் ஒதுக்கிவைத்து ஆயப்படுகின்றது. ஆக விதை அயல், தீனி அயல், வாங்குவோனும் அயல். 2023-24-இல் இந்தியா விற்ற 7,16,004 தொன் உறைய வைத்த இறாலில் 2,97,571 தொன் அமெரிக்காவுக்கே சென்றது. மதிப்பு 40,013 கோடி உருபா என்று மார்தட்டினர். 2025 ஆகத்தில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீது 50 விழுக்காடு வரி சுமத்தியபோது குளக்கரை விலை சரிந்தது. மார்தட்டியவர் எவரும் அக்கடனில் பங்கு கேட்டு மணமேல்குடிக்கு வரவில்லை.

நடுவணரசு செய்த மருந்து என்ன? 2023-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் மீன்தூள் இறக்குமதி வரியைக் குறைத்தது. 2024-இல் அயலிலிருந்து வரும் தீனிக்கே வரியை 5 விழுக்காடாக்கியது. இறக்குமதி எளிதாயிற்று, இங்கே ஆக்குவது எளிதாகவில்லை.

வழி இல்லாமலும் இல்லை. சென்னையில் 1987 முதல் இயங்கும் உவர்நீர் மீன்வளர்ப்பு நடுவண் ஆய்வு நிறுவனம், உள்நாட்டுப் பொருள்களைக் கொண்டே வன்னாமித் தீனி ஆக்கி, அந்நுட்பத்தைச் சிறு ஆலைகளுக்கு உரிமத்தின் பேரில் தந்துள்ளது. (அதற்கும் ‘வன்னாமி பிளசு’ என்றே பெயர்! தமிழ் மண்ணில் பிறந்தும் அதற்கொரு தமிழ்ப்பெயர் வாய்க்கவில்லை.) இம்மண்ணுக்கே உரிய வெள்ளை இறாலின் மரபை மேம்படுத்தும் திட்டமும் 2022-இல் அங்குத் தொடங்கியது. நொதிக்கச் செய்த கடலைப் பிண்ணாக்கை இறால் தீனியில் சேர்ப்பது பற்றியும் அவ்வறிவியலார் ஆய்ந்துள்ளனர். ஆலங்குடிப் பக்கத்து நிலக்கடலை இதே மாவட்டத்தில் விளைகின்றது. கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை நஞ்சு சேராமல் காக்க வேண்டும். சோயாவில் உள்ள சில சத்துகள் அதில் குறைவு. ஆதலின் முழுதும் அதனாலேயே ஆகாது. ஒரு பங்கேனும் ஆகுமன்றோ?

மணமேல்குடியிலோ மீமிசலிலோ வளர்ப்பவரே உறுப்பினராய் அமைந்த கூட்டுறவுத் தீனியாலை ஒன்றைத் தமிழ்நாட்டரசு நிறுவட்டும். கூட்டுறவு வங்கி அவர்களுக்குப் பயிர்க்கடன் போலவே தீனிக்கடன் தரட்டும். குஞ்சுமீன் கலந்த சங்காயத்தை அவ்வாலை வாங்காதிருக்கட்டும். அங்கிருந்து வெளிவரும் பையில் புரத அளவும் ஆக்கிய நாளும் முதற்கண் தமிழில் இருக்கட்டும். சட்டம் கேட்கும் ஆங்கிலம் அதன் கீழே சிறிய எழுத்தில் இருந்து போகட்டும்.