வகுப்பறையில் உடல் கேலிக்கு இடமில்லை: எங்கள் நிலைப்பாடு

வளரிளம் பருவப் பிள்ளைகள் தங்கள் உடலைப் பற்றிக் கூச்சப்படாமல், தங்கள் மேல் மதிப்போடு வளரப் பள்ளி என்ன செய்ய வேண்டும்? ஆசிரியர்களும் பெற்றோர்களும் மனநல ஆலோசகர்களும் சேர்ந்த எங்கள் அமைப்பின் பதில் இது: தன்னம்பிக்கை உரை நிகழ்த்த வெளியிலிருந்து ஒருவரை அழைப்பதற்கு முன், பள்ளி தன் அன்றாடப் பழக்கங்களைத் திருத்திக்கொள்ள வேண்டும். பிள்ளைகளின் உடலைக் கேலிக்கும் ஒப்பீட்டுக்கும் ஆளாக்கும் வழக்கங்கள் பல, பள்ளிக்குள்ளேயே பெரியவர்கள் கண்ணெதிரில் நடக்கின்றன. அவற்றை அப்படியே விட்டுவிட்டு நடத்தும் சிறப்பு வகுப்பு ஒரு மணி நேரத்தோடு முடிந்துபோகும்.

ஏன் இந்த வயது?

10 முதல் 19 வயது வரையிலான காலத்தை வளரிளம் பருவம் என்கிறோம். பெரியவரானபின் இருக்கும் எடையில் ஏறக்குறையப் பாதி இந்த ஆண்டுகளில்தான் சேர்கிறது. பெண் பிள்ளைகளுக்கு இந்த வளர்ச்சி ஆண் பிள்ளைகளைவிடச் சுமார் 2 ஆண்டுகள் முன்னதாகவே வேகமெடுக்கிறது. ஏழாம் வகுப்பில் பெரிய பெண்ணைப் போல உயர்ந்துவிட்ட மாணவியும், குரல் உடையாத, சிறுபிள்ளை போலவே இருக்கும் மாணவனும் ஒரே வகுப்பில் இருப்பார்கள். பையன்கள் சிலருக்கு மார்பு சற்றுப் புடைக்கும். பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் அது தானே சரியாகிவிடும். முகப்பருவும் அப்படி இந்த வயதோடு வருவதுதான். இவை இயல்பானவை என்று யாரும் சொல்லித் தராத இடத்தில், தன் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று பிள்ளை முடிவு கட்டிக்கொள்கிறது.

என்.சி.இ.ஆர்.டி. 2022-ல் நாடு முழுவதும் 6 முதல் 12 வரையிலான வகுப்புகளில் படிக்கும் 3.79 லட்சம் மாணவர்களிடம் மனநலம் குறித்து ஓர் ஆய்வு நடத்தியது. நடுநிலை வகுப்புகளிலிருந்து உயர்நிலைக்குப் போகப்போக, சொந்த வாழ்க்கையிலும் பள்ளி வாழ்க்கையிலும் மாணவர்களின் மனநிறைவு குறைகிறது என்று அது பதிவு செய்தது. உடல் மாறும் ஆண்டுகளும் மனம் சோரும் ஆண்டுகளும் ஒன்றாகவே வருகின்றன. பாடச்சுமையை மட்டும் காரணமாகச் சொல்லி இதைக் கடந்துவிட முடியாது.

பள்ளிக்குள் நடப்பவை

'குண்டூஸ்', 'ஒல்லிக்குச்சி', 'கருவாச்சி', 'சோடாபுட்டி' என்ற பட்டப்பெயர்கள் மாணவர்கள் வாயில் மட்டும் இல்லை. வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்தும் ஆசிரியர்களே இப்படி அழைப்பது உண்டு. ஆசிரியர் ஒருமுறை சொன்னால் போதும், அந்த ஆண்டு முழுவதும் வகுப்புக்கு அது அனுமதிச் சீட்டு.

எடை பார்க்கும் நாளில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவர் எடையையும் உரக்கச் சொல்லி எழுதுகிறார்கள். விருந்தினருக்குப் பன்னீர் தெளிக்கவும் நடனத்தின் முன்வரிசைக்கும் 'கொஞ்சம் கலரான' பிள்ளைகளைத் தேடுகிறார்கள். சினிமா நகைச்சுவை பல்லாண்டுகளாக நிறத்தையும் பருமனையும் வைத்துச் சிரிப்பு மூட்டியது; ஆண்டுவிழா நாடகங்கள் அதே வசனங்களை மேடையேற்றுகின்றன. மஞ்சள் நீராட்டு விழா முடிந்து, தெருவில் ஃபிளெக்ஸ் பேனரும் வைக்கப்பட்டபின் பள்ளிக்குத் திரும்பும் பெண்ணிடம் 'பெரிய மனுஷி வந்துட்டா' என்று ஆசிரியர் அறையிலேயே பேச்சு எழுகிறது. பையன்களின் துன்பமும் குறைவானதல்ல. மீசை முளைக்காதவனையும் குரல் மென்மையாக உள்ளவனையும் 'பொம்பள மாதிரி' என்று சொல்லிச் சிரிப்பதை யாரும் குற்றமாகவே நினைப்பதில்லை.

எங்கள் நிலைப்பாடுகள்

1. உடலை வைத்துப் பட்டப்பெயர் சூட்டுவது மனத்துன்புறுத்தல். கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 17-ஆம் பிரிவு, குழந்தைகளுக்கு உடல் தண்டனை தருவதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. அந்தச் சட்டத்தின் வரம்பு 6 முதல் 14 வயது வரை. கேலியோ 9, 10-ஆம் வகுப்புகளிலும் தொடர்கிறது. எனவே 12-ஆம் வகுப்பு வரை இதே விதியைத் தன் நடத்தை நெறியாக ஒவ்வொரு பள்ளியும் எழுத்தில் ஏற்க வேண்டும். அது முதலில் ஆசிரியர்களையும் அலுவலர்களையும் கட்டுப்படுத்த வேண்டும்.

2. உயரம், எடை பார்ப்பது தனியிடத்தில் நடக்க வேண்டும். எண்ணைப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் மட்டும் தெரிவித்தால் போதும். வகுப்பில் படிப்பதோ, பலகையில் எழுதுவதோ, வாட்ஸ்அப் குழுவில் போடுவதோ கூடாது.

3. மேடை, வரவேற்பு, விளம்பரப் படம் எதற்கும் நிறத்தையும் உடல்வாகையும் வைத்துத் தேர்வு செய்யக் கூடாது. விருப்பமும் பயிற்சியுமே அளவுகோல்.

4. விளையாட்டு வகுப்பு எல்லோருக்கும் உரியது. பி.டி. பீரியடைக் கணக்குக்குக் கடன் கொடுப்பது நிற்க வேண்டும். ஓட முடியாத பிள்ளையை எல்லோர் முன்னும் ஓடவிட்டு வேடிக்கை பார்ப்பதும் நிற்க வேண்டும். ஓடவும் தாண்டவும் எறியவும் முடிகிறது என்று தெரிந்துகொள்ளும் பிள்ளை, கண்ணாடியைத் தாண்டியும் தன் உடலை அறிந்துகொள்கிறது.

5. பருவ மாற்றங்களைப் பற்றி 6-ஆம் வகுப்பிலேயே, இருபாலருக்கும், அறிவியல்படி பேச வேண்டும். 2020-ல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலத் திட்டம், ஒவ்வொரு பள்ளியிலும் 2 ஆசிரியர்களை நலத் தூதுவர்களாகப் பயிற்றுவிக்கச் சொல்கிறது. மனநலமும் அத்திட்டத்தின் பாடங்களில் ஒன்று. காகிதத்தில் இருக்கும் இந்த ஏற்பாட்டை வகுப்பறைக்குக் கொண்டுவர வேண்டும். படங்கள் ஃபில்டரில் எப்படி மாற்றப்படுகின்றன, விளம்பரம் எந்தக் குறையைக் கிளறி எதை விற்கிறது என்று பிள்ளைகளே பிரித்துப் பார்க்கும் பயிற்சியும் அதில் இருக்க வேண்டும்.

6. அழகுப் பொருள் நிறுவனங்களின் பெயரும் முத்திரையும் வகுப்பறைக்குள் வரக் கூடாது. 1975-ல் சந்தைக்கு வந்த சிவப்பழகு கிரீம் 'ஃபேர் அண்ட் லவ்லி', 2020-ல்தான் 'க்ளோ அண்ட் லவ்லி' என்று பெயர் மாறியது. அதை விற்கும் யூனிலீவர் குழுமமே டவ் பெயரில் தன்மதிப்புப் பாடங்களையும் பள்ளிகளுக்குத் தருகிறது. ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்த அந்தப் பாடங்களில் பயனுள்ளவை உண்டு; ஆசிரியர்கள் படித்துத் தங்கள் வழியில் பயன்படுத்தலாம். பாடத்தோடு வணிக முத்திரையும் சேர்ந்து வருவதைத்தான் எதிர்க்கிறோம். இங்கேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது: நிறப் பாகுபாட்டுக்கு எதிரான 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கத்தை 2009-ல் தொடங்கியது சென்னையைச் சேர்ந்த 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்புதான்.

எங்களிடம் கேட்கப்படும் கேள்விகள்

'பருமனைச் சொல்லாமல் விட்டால் நாளை சர்க்கரை நோய் வராதா?' என்று கேட்கிறார்கள். நியாயமான கவலை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் சுமார் 40 விழுக்காட்டினர் அதிக எடை உள்ளவர்கள். ஆனால் அவமானப்பட்ட பிள்ளை நன்றாகச் சாப்பிடக் கற்றுக்கொள்வதில்லை. காலை உணவைத் தவிர்க்கிறது, மைதானத்துக்கு வர மறுக்கிறது, ஒளிந்து தின்கிறது. பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவுகளை விற்கக் கூடாது என்பது 2020-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதி. அதை நடைமுறைப்படுத்துவது பள்ளியும் அரசும் செய்ய வேண்டிய வேலை. அதைச் செய்யாமல் பிள்ளையின் இடுப்பைப் பார்த்துக் கேலி செய்வது சுகாதாரக் கல்வி ஆகாது.

'நாங்களும் கேலியில்தான் வளர்ந்தோம், கெட்டா போய்விட்டோம்?' என்பது இன்னொரு கேள்வி. அன்று கேலி பள்ளி மணியோடு நின்றது. இன்று படமாகி, ஸ்டிக்கராகி, இரவு 11 மணிக்கும் பிள்ளையின் கைபேசியில் வந்து விழுகிறது. அப்படி வளர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்றும் புகைப்படத்துக்கு நிற்கத் தயங்குகிறார்கள் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

எங்கள் கோரிக்கை

பள்ளிக் கல்வித் துறை, உடல் கேலியை வெளிப்படையாகப் பெயர் சொல்லித் தடுக்கும் சுற்றறிக்கையை அரசு, தனியார் பள்ளிகள் அனைத்துக்கும் அனுப்ப வேண்டும். பள்ளிகளில் உள்ள 'மாணவர் மனசு' புகார்ப் பெட்டியில் இத்தகைய புகார்களும் ஏற்கப்படும் என்று மாணவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆலோசகர் பணியிடங்களை நிரப்ப வேண்டும்.

தலைமை ஆசிரியர்கள் இதற்கெல்லாம் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போதும்: இனி எந்த மாணவரையும் பெயர் சொல்லித்தான் அழைப்போம்.

பெற்றோர்களுக்கு: உறவினர் வீட்டில் 'ஏன் இப்படிக் கறுத்துட்டா?', 'என்ன இப்படி இளைச்சுட்டான்?' என்று யாராவது ஆரம்பித்தால், பிள்ளையின் எதிரிலேயே பேச்சை நிறுத்துங்கள். சாப்பாட்டைத் தொடர்ந்து தவிர்ப்பது, சாப்பிட்டதை வாந்தியெடுப்பது, பள்ளிக்குப் போக மறுப்பது, தன்னைக் காயப்படுத்திக்கொள்வது ஆகிய அறிகுறிகள் தெரிந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மனநல உதவிக்கான டெலிமானஸ் 14416, கல்வி வழிகாட்டி 14417, குழந்தைகள் உதவி 1098 ஆகிய எண்களைப் பிள்ளைகளும் மனப்பாடமாக வைத்திருக்கட்டும்.