முதலில் சாராயக் கடை, அப்புறம்தான் சேமிப்பு

நெல்லூர் மாவட்டத்துக்கு மாற்றலாகி வந்தபோது எனக்குத் தெரிந்த தெலுங்கெல்லாம் சிரஞ்சீவி படங்களில் கற்றதுதான். (பி.காம். படித்தவனுக்குப் பற்றும் வரவும் எந்த ஊரிலும் ஒன்றுதானே என்ற தைரியம் வேறு!) மகளிர் சுய உதவிக் குழுக்களின் கதையை வங்கிப் பயிற்சியில் எப்படி ஆரம்பிப்பார்கள் தெரியுமா? 1992-இல் நபார்டு 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனைத் திட்டம் தொடங்கியது என்று. நானும் கூட்டத்துக்குக் கூட்டம் அதையே ஒப்பித்து வந்தேன்.

ஒருநாள் குழுக் கடன் புதுப்பிக்க வந்த ஒரு பெரியம்மா குறுக்கிட்டார். "அது இல்ல நாயனா. முதல்ல சாராயக் கடை. அப்புறம்தான் சேமிப்பு."

நம்மூர் அறிவொளி இயக்கம் போல இங்கேயும் 90களின் தொடக்கத்தில் இரவுப் பாடம் நடந்திருக்கிறது. பகலெல்லாம் வயலில் குனிந்துவிட்டு ராத்திரி பலகையோடு உட்கார்ந்தார்களாம். பாடப் புத்தகத்தில் சீதம்மா என்று ஒரு பெண்ணின் கதை. குடியால் குடும்பம் சீரழிய, பெண்கள் கூடிக் கடையை மூடவைப்பார்கள். தூபகுண்டா என்ற ஊரில் அதை நிஜமாகவே செய்துவிட்டார்கள். 1992-இல் மாவட்டம் முழுக்கப் பரவி, சாராய ஏலத்தை ஒத்திவைக்கும்படி ஆனது. 1993 அக்டோபரில் மாநிலம் முழுக்கச் சாராயம் தடை, 1995-இல் முழு மதுவிலக்கு. சாராயத்துக்குப் போன காசில் தினம் ஒரு ரூபாய் சேர்க்கலாம் என்று இங்கே குழுக்கள் பெருகியதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

"கதையெல்லாம் தொண்டு நிறுவனங்களுக்கு, நமக்கு வசூல்தான் சார் முக்கியம்" என்பார் என் சக அதிகாரி. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒருவருக்காக இன்னொருவர் நிற்பது என்பது நம் சுற்றறிக்கை கற்றுக் கொடுத்ததா என்ன? கடை வாசலில் சேர்ந்து நின்றவர்களுக்கு அது முன்பே தெரியும். நாம் அதன் மேல் கடனை ஏற்றினோம். அதே ஒற்றுமையைத் தனியார் நுண்கடன் கம்பெனிகள் தலைகீழாகத் திருப்பின. தவணை கட்டாத பக்கத்து வீட்டுக்காரி வாசலில் போய் நிற்கவைத்தார்கள். 2010 அக்டோபரில் அரசு அவசரச் சட்டம் போடும் அளவுக்குப் போனது. பழைய கதை தெரிந்திருந்தால் கொஞ்சமாவது கூசியிருப்போம்.

இவர்களைப் பெண்ணியவாதிகள் என்று சொல்லலாமா என்று கேட்டால், அந்த வார்த்தை பெரியம்மாவுக்குத் தெரியாது. ஆனால் நான் நிரப்பிக் கொடுத்த படிவத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். தொழில் என்ற இடத்தில் 'கிருஹிணி' என்று இருந்தது. இல்லத்தரசி! நானே போட்டதுதான். புடவை கட்டியிருந்தால் கை தானாக அங்கே போய்விடும்.

"அப்போ நாப்பது வருஷம் நாத்து நட்டது யாரு நாயனா?"

அடித்துவிட்டு விவசாயக் கூலி என்று எழுதினேன். திருத்தத்துக்குப் பக்கத்தில் கையெழுத்து வேண்டும் என்றேன், விதி அப்படி. கைநாட்டு மையை நகர்த்தி வைத்துவிட்டு, நிதானமாகத் தன் பெயரை எழுதினார். கிளம்பும்போது, "1997-ல மதுவிலக்கை எடுத்தாங்களே, எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களா?" என்றார்.

எந்தப் படிவத்திலும் அதற்கு இடமில்லை.