வெட்டிய தண்டை ஏரியில் விடாதீர்கள்

கொளத்தூர் வண்ணமீன் கடைகளுக்கு, எங்கள் மாடியில் தொட்டி கட்டித் தண்ணீர்ச் செடி வளர்த்துக் கொடுக்கிறேன். வாங்கிப் போகிறவர்கள் திரும்பி வந்து கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "செடி ஏங்க அழுகுது?" நன்றாக வளர்ந்தபின் வெட்டிப்போட்டதை என்ன செய்வது என்று யாரும் கேட்பதில்லை.

அழுகுவதற்குக் காரணம் சொல்லிவிடலாம். ரோட்டாலா, லுட்விஜியா, ஹைக்ரோஃபிலா மாதிரியான தண்டுச் செடிகளை வேர் ஈரத்திலும் இலை காற்றிலுமாக வளர்க்கிறோம். அப்படித்தான் சீக்கிரம் வளரும், பாசியும் பிடிக்காது. முழுக்க அமிழ்த்தியதும் காற்றில் விட்ட இலை உதிர்ந்து, நுனியில் தண்ணீருக்கேற்ற மெல்லிய இலை வரும். சில வாரம் பொறுக்க வேண்டும். பலர் அதற்குள் பிடுங்கி எறிந்துவிட்டு எங்களைத் திட்டுகிறார்கள். கட்டைச் சுற்றிய ஈயப் பட்டையைக்கூடக் கழற்றாமல் மணலில் செருகுகிறவர்களும் உண்டு. உள்ளே வெளிச்சம் போகாமல் அடித்தண்டு கறுத்துவிடும். கட்டைப் பிரித்து, கீழிலையைக் கிள்ளி, ஒரு கணுவாவது மண்ணுக்குள் இறங்கும்படி தனித்தனியாக நட வேண்டும். விளக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் எரிந்தால் போதும். மே மாதத்தில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டினால் மூடியைத் திறந்து சின்ன மின்விசிறியை வையுங்கள். ரோட்டாலா மக்ராண்ட்ரா கேரளப் பக்கத்துச் செடிதான் என்றாலும், உப்பேறிய போர் தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடும் இல்லாமல் அது செக்கச்செவேல் என்று வர வேண்டும் என அடம்பிடிப்பவர்களுக்கு நான் விற்பதில்லை.

பிடித்துக்கொண்டால் அப்புறம் கத்தரிக்கோலுக்கு ஓய்வில்லை. நீர்மட்டத்தைத் தொட்ட நுனியை வெட்டி நட்டு, முற்றிய அடித்தண்டை எடுத்துவிட வேண்டும். இரண்டடித் தொட்டியிலேயே மாதத்துக்கொரு வாளி சேரும். உயிருள்ளதைக் குப்பையில் கொட்ட மனம் வராமல் ஏரியிலோ கோயில் குளத்திலோ கொண்டுபோய் விடுகிறார்கள். அதில் ஒரு புண்ணியக் கணக்கும் இருக்கிறது. எனக்குக் கோபம் வருவது இந்த நல்ல மனசின் மேல்தான்.

கணுவோடு கூடிய துண்டு ஒன்று போதும், வேர்விட்டுவிடும். 2020-இல் கோழிக்கோடு மாவட்டத்து ஆவளப்பாண்டியில் வாய்க்கால் முழுக்க இளஞ்சிவப்பாய்ப் பூத்ததைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். படம் பார்த்து நானும் ஒரு நிமிடம் மயங்கினேன். அது கபோம்பா, தென் அமெரிக்கச் செடி, மீன்தொட்டிக்காரர்களின் செல்லம். தண்ணீருக்குள் அடர்ந்து படர்ந்தால் ஓட்டத்தை அடைக்கும், கீழே இருக்கும் நாட்டுச் செடிக்கு வெளிச்சம் போகாது. அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் கையோடு ஒரு கொத்து பறித்துப் போயிருப்பார்களோ! அந்நியச் செடி மட்டும்தான் இப்படி என்றும் இல்லை. நம் நாட்டு ஹைக்ரோஃபிலா பாலிஸ்பெர்மா, மீன்தொட்டி வழியாக அமெரிக்காவுக்குப் போய், அங்கே அரசு தடுக்கும் களைகளின் பட்டியலில் இருக்கிறது.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நீர்ப்பிரமியைச் சொல்வேன். வயல் வரப்பில் தானாக முளைக்கிற அதையே பகோபா என்று லேபிள் ஒட்டி விற்கிறோம், சிரித்துக்கொள்ளுங்கள். நிதானமாக வளரும், கடினமான தண்ணீரையும் தாங்கும், வெட்டிய நுனி பூந்தொட்டி ஈரமண்ணிலும் பிழைக்கும். அதற்காக அதையும் ஏரியில் விடலாம் என்று அர்த்தமில்லை. தொட்டி நத்தையும் முட்டையும் கூடவே போகும்.

மிச்சத் தண்டை மொட்டைமாடி வெயிலில் மொறுமொறுவென்று காயவிட்டு உரக்குழியில் போடலாம். சொல்லித்தர வேண்டியவர்கள் விற்கிற நாங்கள்தான். மீன் வாங்க வந்தவர் தலையில் தீனி, மருந்து, பொம்மை என்று எல்லாவற்றையும் கட்டுகிறோம். செடிப் பையில் இரண்டு வரி அச்சடித்த சீட்டைப் போடுவதற்கு என்ன செலவாகிவிடும்? நல்ல நுனியைத் திருப்பிக் கொண்டுவந்தால் நான் வேறு செடி தருகிறேன். கடைக்காரர்கள் எல்லோரும் இதைச் செய்யலாம். நட்டம் ஒன்றும் வராது.