எண்ணிக்கை யார் கையில்?

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது தமிழ்நாட்டு ஊர்ப்புறத்துப் பழமொழி. உழைப்பவனின் இழப்பை எடுத்துக்காட்ட எழுந்த இச்சொல், நாளடைவில் கணக்கே பாராமல் இருப்பதற்குச் சாக்காகிவிட்டது. உழுதவன் கணக்குப் பாராவிட்டாலும் கணக்கு நின்றுவிடுவதில்லை. அவனுக்காக வேறொருவன் பார்க்கிறான்; பார்த்தவன் கைக்கே அந்த உழக்கும் போய்ச் சேர்கிறது. வயலுக்குப் பொருந்தும் இவ்வுண்மை தறிக்கும் பொருந்தும். பட்டறைக்கும் கடைக்கும் ஆலைக்கும் பொருந்தும்.

நடுவணரசின் புள்ளியியல் அமைச்சகம் 2025ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் வெளியிட்ட தொழிலக ஆண்டுக் கணக்கெடுப்பை எடுத்துக்கொள்ளலாம். அது 2023-24ஆம் ஆண்டைப் பற்றியது. இந்திய ஒன்றியம் முழுமையும் தொழிலகங்களில் பணிபுரிவோர் ஏறத்தாழ 1.95 கோடிப் பேர். அவர்களுள் 15 விழுக்காட்டினர் தமிழ்நாட்டுத் தொழிலகங்களில் உழைப்பவர்கள். குசராத்தும் மராட்டியமும் 13 விழுக்காட்டளவில் நிற்கின்றன. உழைப்போர் தொகையில் தமிழ்நாடே முதலிடம். ஆனால், மூலப்பொருள், எரிபொருள் முதலியவற்றின் விலையைக் கழித்தபின் எஞ்சும் மதிப்புக்கூட்டில் மராட்டியம் 16, குசராத்து 14, தமிழ்நாடு 10 விழுக்காடு. உழைக்கும் கை நூற்றுக்குப் பதினைந்து. விளையும் மதிப்பு நூற்றுக்குப் பத்து!

இவ்விடைவெளி எதனால் விளைந்தது? எவரோ சிலரின் சூழ்ச்சி என்று முழங்குவது எளிது. உண்மை அத்துணை எளிதன்று. மேற்கு மாநிலங்களில் கல்லெண்ணெய்த் துப்புரவு ஆலைகளும் வேதிப்பொருள் ஆலைகளும் மிகுதி. அவற்றில் முதலீடு பெரிது, ஆள் சிறிது. தமிழ்நாட்டில் ஊர்தித் தொழிலும் மின்னணுத் தொழிலும் வளர்ந்திருப்பினும், நூற்பும் பின்னலாடையும் தோலும் காலணியும் இன்றும் பல்லாயிரம் கைகளைக் கொண்டே இயங்குகின்றன. ஒன்றியத்தின் தொழிலகப் பெண் உழைப்பாளருள் ஏறத்தாழ 43 விழுக்காட்டினர் தமிழ்நாட்டில் உழைத்தனர் என்பது 2019-20ஆம் ஆண்டுக் கணக்கு. ஆகவே இவ்விடைவெளி பழிக்குரியதன்று, ஆயின் ஆராய்வதற்குரியது. எந்தத் தொழிலில், எந்த மாவட்டத்தில், எத்துணைக் கூலிக்கு, எத்துணை மின்னாற்றலைச் செலவிட்டு இம்மதிப்பு விளைகிறது என்று வினவினாலன்றி வழி பிறவாது. முதலிடம் என்னும் சொல்லைக் கேட்டு மகிழ்ந்து அமைந்துவிடுகிறவன், தன் கைக்கு எவ்வளவு வந்தது என்று கேட்க மறந்துவிடுகிறான்.

இக்கணக்கெடுப்புகள் நேற்று முளைத்தவையல்ல. மகலனோபிசு 1931இல் கொல்கத்தாவில் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று தமிழ்ப் பெண்டிர் அடுக்களையில் அறிந்த முறையே கணிதத்தின் வலுவோடு 1950இல் நாடளாவிய பதக்கூறு ஆய்வாக எழுந்தது. தொழிலக ஆண்டுக் கணக்கெடுப்பு 1959ஐக் கணக்காண்டாகக் கொண்டு 1960இல் தொடங்கியது. எத்தனை பேர் உழைத்தனர், எவ்வளவு கூலி பெற்றனர், எவ்வளவு மின்னாற்றல் விலைக்கு வாங்கப்பட்டது, எவ்வளவு தொழிலகத்திலேயே ஆக்கப்பட்டது, நிலக்கரிக்கும் டீசலுக்கும் எவ்வளவு செலவு என்றெல்லாம் அதன் படிவம் தனித்தனியே வினவுகிறது.

இவ்வினாக்களின் அருமையைத் தமிழ்நாட்டுத் தொழிலாளி நன்கறிவான். 2008ஐ ஒட்டித் தொடங்கிப் பல ஆண்டுகள் கடும் மின்வெட்டு தமிழ்நாட்டை வாட்டியது. கோவையின் வார்ப்பாலைகளும் திருப்பூரின் பின்னலகங்களும் டீசல் மின்னாக்கிகளை ஓட்டிக் காலந்தள்ளின. மின்னாக்கி வாங்கப் பொருளில்லாத சிறு பட்டறைகளில் ஆட்கள் வேலையின்றி உட்கார்ந்திருந்தனர். வாங்கிய மின்சாரத்துக்கும் தானே ஆக்கிய மின்சாரத்துக்கும் உள்ள விலை வேற்றுமை ஒரு தொழிலையே வாழவைக்கவும் வீழ்த்தவும் வல்லது. அவ்வேற்றுமையைக் காட்டும் எண்கள் படிவங்களில் பதிவாயின. பதிவான எண்கள் அந்தப் பட்டறைத் தெருவுக்குத் திரும்பி வந்தனவா என்பதே வினா.

அடுத்து, இக்கணக்கின் வலைக்குள் அகப்படாதோரைக் கருதுதல் வேண்டும். 1948ஆம் ஆண்டுத் தொழிலகச் சட்டத்தின்படி, மின்னாற்றலோடு இயங்குமாயின் பத்துப் பேரும், அஃதின்றி இயங்குமாயின் இருபது பேரும் உழைக்கும் இடமே தொழிலகம். அதற்குக் கீழ்ப்பட்டவை வேறொரு கணக்கைச் சார்ந்தவை. பதிவு பெறாச் சிறுதொழில்களையும் கடைகளையும் பற்றிய 2023-24ஆம் ஆண்டு ஆய்வு, வேளாண்மை நீங்கலாக ஒன்றியத்தில் அத்தகைய 7.34 கோடி நிலையங்கள் உள்ளன என்றும், அவற்றில் 12 கோடிக்கும் மேற்பட்டோர் உழைக்கின்றனர் என்றும் கூறுகிறது. தொழிலகத்தில் இரண்டு கோடிக்கும் குறைவு. அதற்கு வெளியே பன்னிரண்டு கோடிக்கும் மேல்! இணையத்தைப் பயன்படுத்தும் நிலையங்கள் ஓராண்டில் 21.1 விழுக்காட்டிலிருந்து 26.7ஆக உயர்ந்தன என்பதும் அவ்வாய்வின் செய்தியே. உயர்வு உண்மைதான். நான்கில் ஏறத்தாழ மூன்று நிலையங்கள் அவ்வாண்டில் அவ்வாயிலுக்கு வெளியே நின்றன என்பதும் உண்மையே.

இந்நிலையில், 2025 நவம்பர் 21 முதல் செயலுக்கு வந்த புதிய தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, தொழிலகத்தின் வரம்பை மின்னாற்றலுடன் இருபது பேர், அஃதின்றி நாற்பது பேர் என உயர்த்தியிருக்கிறது. கணக்கெடுப்பின் வரம்பும் அதனோடு சேர்ந்து உயருமாயின், சிறு தொழில்கள் நிறைந்த தமிழ்நாட்டின் ஆயிரக்கணக்கான கூடங்கள் ஒரு சொல் மாற்றத்தால் தொழிலகக் கணக்கினின்றும் நழுவும். அங்கே பொறி ஓடும், ஆள் வேர்ப்பார், ஆனால் ஏட்டில் அவர் இரார். வரையறை என்பது வெறும் சொல்லன்று. யார் காணப்படுவார், யார் காணப்படார் என்பதை முடிவு செய்யும் கோல் அது.

புத்தாக்கக் கணக்கும் இத்தகையதே. ஒரு நிறுவனம் புதிய பொருளையோ புதிய செய்முறையையோ கையாண்டதா என அளப்பதற்கு, வளர்ந்த நாடுகளின் பொருளியல் ஒத்துழைப்பு அமைப்பு 1992இல் ஓசுலோ கையேட்டை முதன்முதல் வெளியிட்டது. அதன் வரையறை குறுகியதன்று. ஒன்று உலகுக்கே புதிதாக இருத்தல் வேண்டா. அந்நிறுவனத்துக்குப் புதிதாயின் போதும். நடுவணரசின் அறிவியல், நுட்பவியல் துறை, ஒன்றிய நாடுகள் அவையின் தொழில் வளர்ச்சி அமைப்போடு சேர்ந்து 2021-22இல் பொருளாக்க நிறுவனங்களின் புத்தாக்கத்தை ஆய்ந்தது. நான்கில் ஒரு நிறுவனமே புத்தாக்கம் செய்ததாக அது கண்டது. அத்தகைய நிறுவனங்களின் பங்கு தெலுங்கானாவில் ஏறத்தாழ 46, கருநாடகத்தில் 39, தமிழ்நாட்டில் 32 விழுக்காடு.

இவ்வெண்ணைக் கண்டு நாணவும் வேண்டா, புறந்தள்ளவும் வேண்டா. கோவையின் மாவாட்டும் பொறி புவிசார் குறியீடு பெற்றது. உரலையும் குழவியையும் மின்னோடியோடு பூட்டிய அவ்வறிவு பட்டறைத் தரையில் பிறந்ததேயன்றிப் பளிங்கு ஆய்வுக்கூடத்தில் பிறந்ததன்று. அத்தகைய பட்டறைக்காரரிடம் ஓர் ஆங்கிலச் சொல்லைக் கூறி, அது உண்டா இல்லையா என்று வினவினால், இல்லை என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார். சென்ற மூன்றாண்டில் எப்பொருளையேனும் புது வகையில் செய்தீரா, எந்தப் பொறியையேனும் மாற்றி அமைத்தீரா என்று அவர் மொழியில் கேட்டால், ஒரு நாழிகை நின்று விளக்குவார். விடையின் தரம் வினாவின் மொழியைப் பொறுத்தது. இது மொழிப்பற்றால் சொல்லப்படுவதன்று, கணக்கியலின் அடிப்படை.

எடுக்கப்பட்ட கணக்கேனும் ஒழுங்காக வெளிவருகிறதா? 2013இல் எடுத்த ஆறாம் பொருளியல் கணக்கெடுப்பு, ஒன்றியத்தில் 5.85 கோடி நிலையங்களையும் அவற்றில் 13 கோடிக்கும் மேற்பட்ட உழைப்பாளரையும் எண்ணிக் காட்டியது. 2019இல் தொடங்கிய ஏழாவதன் முடிவுகளோ ஆண்டுகள் பல கடந்தும் மக்கள் கண்ணுக்கு எட்டவில்லை. 2017-18ஆம் ஆண்டு வேலைநிலை ஆய்வு காலந்தாழ்த்தப்பட்டபோது, புள்ளியியல் ஆணையத்தின் உறுப்பினர் இருவர் 2019 சனவரியில் பொறுப்பினின்று விலகினர், வேலையின்மை 6.1 விழுக்காடு என்னும் அதன் முடிவு, தேர்தல் முடிந்த பின்னர் மே 31இல்தான் வெளிவந்தது. அதே 2017-18இல் எடுத்த வீட்டுச்செலவுக் கணக்கு, தரங்குறைந்தது எனக் கூறப்பட்டு வெளியிடப்படாமலே கைவிடப்பட்டது. பணித்துறை நிறுவனங்களைப் பற்றிய மற்றோர் ஆய்வு, பதிவுப் பட்டியலினின்று எடுத்தவற்றுள் மூன்றிலொரு பங்குக்கும் மேற்பட்டவை கண்டறிய இயலாதனவாகவோ, மூடப்பட்டனவாகவோ, வேறு வகையினவாகவோ இருந்தன என்று 2019இல் காட்டியது. கசக்கும் எண்ணை மறைத்துவிட்டு இனிக்கும் எண்ணை மட்டும் பறைசாற்றும் அரசு, நோயாளியிடம் நாடியின் நிலையை மறைக்கும் மருத்துவனை ஒக்கும்.

தில்லியைக் குறைகூறி அமைவதோடு தமிழ்நாட்டின் கடமை முடிந்துவிடாது. அரசியலமைப்பின் பொதுப்பட்டியலில் 45ஆம் இனம், மாநிலத்துக்குரிய துறைகளைப் பற்றிய ஆய்வுகளையும் புள்ளிவிளக்கங்களையும் மாநிலமும் மேற்கொள்ள இடந்தருகிறது. 2008ஆம் ஆண்டுப் புள்ளிவிளக்கத் திரட்டுச் சட்டம், மாநில அரசுக்கு மட்டுமன்றி ஊராட்சிக்கும் நகராட்சிக்குங்கூட அவ்வுரிமையை வழங்குகிறது. தொழிலகக் கணக்கெடுப்புக்கு அடிப்படையான பட்டியலே மாநிலத் தொழிலகக் கண்காணிப்புத் துறையினின்று போவதுதான். மாவட்ட அளவிலான மதிப்பீடுகளைச் செய்துகொள்ள மாநிலத்துக்கெனத் தனிப் பதக்கூறும் ஒதுக்கப்படுகிறது. கதவு திறந்தே இருக்கிறது, நுழைவார்தாம் வேண்டும். தமிழ்நாட்டரசின் புள்ளிவிளக்கக் கையேடே ஆங்கிலத்தில் வெளிவருமாயின், தில்லியின் அறிக்கை தமிழில் இல்லையே என்று கேட்கும் வாய்க்கு வலுவேது?

எண்ணும் அளவும் தமிழர்க்குப் புதியனவல்ல. கி.பி. 1000ஐ ஒட்டி முதலாம் இராசராசன் சோழநாட்டு நிலமெல்லாம் அளப்பித்தான். முந்நூற்றிருபதில் ஒரு பங்கான முந்திரியையும், அதனினும் நுண்ணிய கீழ்முந்திரியையும் கையாண்டு வேலிக்கணக்கைக் கல்லில் பொறித்தனர். அவ்வளவை அரசனின் இறைக்காக எழுந்தது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும், அளந்ததை ஊரார் காணுமாறு அவர்தம் மொழியில் கோயிற் சுவரில் வெட்டிவைத்தனர் என்பது எண்ணத்தக்கது. ஆயிரம் ஆண்டுக்குமுன் கல்லில் இயன்றது இன்று தாளில் இயலாதா?

ஆகவே செய்யத்தக்கன இவை: வினாப்படிவங்களும் முழு அறிக்கைகளும் தமிழில் வெளிவருதல் வேண்டும். ஒவ்வொரு கணக்கும் வெளியாகும் நாள் முன்கூட்டியே குறிக்கப்பட்டு, ஆள்வோர் விருப்பு வெறுப்புக்கு ஏற்ப மாறாதிருத்தல் வேண்டும். தொழில், நுட்பம், ஆற்றல் ஆகியவற்றின் எண்கள் மாவட்டந்தோறும் பிரித்துக் காட்டப்படல் வேண்டும். ஆட்சியாளருக்கு அஞ்சாத தன்னாட்சிப் புள்ளியியல் ஆணையம் ஒன்று தமிழ்நாட்டுக்கு அமைதல் வேண்டும். தொழில் நடத்துவோரும் வரிக்கு அஞ்சிப் பொய்க்கணக்குத் தருதல் கூடாது. அவர் தரும் செய்தியைப் புள்ளியியற் பணிக்கன்றி வேறெதற்கும் பயன்படுத்தலாகாது எனச் சட்டமே காப்பளிக்கிறது. தொழிற்சங்கங்கள் கூலிப்பேச்சுக்குச் செல்லுமுன் இவ்வெண்களைக் கையில் ஏந்திச் செல்லுதல் வேண்டும். கல்லூரி இளைஞர் தம் மாவட்டத்தின் கணக்கையேனும் படித்தல் வேண்டும்.

உழுதவன் கணக்குப் பார்க்கட்டும்! உழக்கு மிஞ்சுகிறதா இல்லையா என்பது முதலில் அவனுக்குத் தெரியட்டும். மிஞ்சவில்லையெனின் அது எங்கே போயிற்று என்று வினவும் துணிவு, அந்தக் கணக்கிலிருந்தே பிறக்கும்.